காணியின் முதல் கோவை யார் கையில்?

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானியை வடக்கு மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி அதில் பட்டியலிடப்பட்டிருந்தது. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும். மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரி ஆவணங்களைச் சமர்ப்பிக்காவிட்டால் அந்தக் காணிகள் அரச காணிகளாக அறிவிக்கப்படலாம் என்பதே அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது. பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. மே மாத இறுதியில் அரசாங்கம் அதனை மீளப்பெறுவதாக அறிவித்தது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

அந்தப் பெருமூச்சோடு ஒரு கேள்வியும் காற்றில் போய்விட்டது. வர்த்தமானி வெளிவந்த அன்று, காணிச் சொந்தக்காரருக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் யார்? அமைச்சரோ செயலாளரோ அல்ல. கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தின் அறிவித்தல் பலகையும், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவும்தான் அந்தச் செய்தி இறங்கும் கடைசிப் படிகள். புத்தளத்திலும், நீர்கொழும்பிலும், பாணந்துறையிலும் முப்பத்தைந்து வருடமாக வாழும் யாழ்ப்பாண முஸ்லிம் ஒருவர் அந்தப் பலகையை எப்போது பார்ப்பார்? அந்தப் பட்டியலில் எமது காணி எத்தனை பரப்பு இருந்தது என்பதல்ல என் கவலை. நாளை இன்னொரு பட்டியல் வரும்போது, அது எமக்குத் தெரிய வருமா என்பதுதான் கவலை.

நான் யாழ்ப்பாணத்தில் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன்; சட்டத்தரணி அல்ல. ஆனாலும் இந்த விடயத்தை எழுதக் காரணம், காணிப் பிரச்சினை என்றவுடன் எமது சமூகம் உடனே அமைச்சரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் தேடிப் போகிறது. உண்மையில் காணி உரிமையின் தலைவிதி அங்கே எழுதப்படுவதில்லை. அது மிகக் கீழே, அரச சேவையின் ஆரம்பப் படியில் இருக்கும் ஓர் உத்தியோகத்தரின் மேசையில், ஒரு கோவையின் முதல் பக்கத்தில் எழுதப்படுகிறது. அந்த மேசையின் இரு பக்கத்திலும் நாம் இல்லை.

சட்டம் கொடுத்ததை நாம் ஏன் எடுக்கவில்லை?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். உறுதி, தோம்பு, வரைபடம் எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்த நாட்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டுக்குரியது. ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையின்றி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் ஆண்டுகொண்டால், ஆட்சியுரிமை அவருக்குச் சேரக்கூடும் என்று அது சொல்கிறது. ஊரில் இருந்தவருக்கு அது ஒரு சாதாரண சட்டம். ஊருக்குள் கால் வைக்கவே முடியாமல் இருந்தவருக்கு அது பெரும் அநியாயம்.

இந்த அநியாயத்தைச் சரி செய்யத்தான் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தனது உரிமையைக் கோர முடியாமல் போனவருக்கு, அந்தக் காலம் கணக்கில் எடுக்கப்படாது என்பது அதன் கருத்து. எமக்காகவே எழுதப்பட்டது போன்ற ஒரு சட்டம். ஆனால் வழக்குத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டு வருடங்கள் மட்டும். 2018 இல் அந்தக் கதவு மூடிக்கொண்டது. யுத்தம் முடிந்த 2009 இலிருந்து புதிதாகப் பத்து வருடம் எண்ணினாலும் 2019 இல் அதுவும் கடந்துவிட்டது.

அந்த இரண்டு வருடங்களில் எத்தனை பள்ளிவாசல்களில் இந்தச் சட்டம் விளக்கப்பட்டது? எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் இப்படி ஒரு சட்டம் இருந்ததையே அது முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டன. மீள்குடியேற்றம் பற்றி மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் இது நடந்தது. பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவர ஆட்கள் இருந்தார்கள். அதைக் கீழே இறக்கி, படிவமாக, திகதியாக, வீட்டுக்கு வீடு கொண்டுபோக எம்மிடம் ஆட்கள் இருக்கவில்லை.

விதானையாரின் மேசை

விதானை முறை 1963 இல் ஒழிக்கப்பட்டு கிராம சேவகர் பதவி வந்தது. இன்று அது கிராம உத்தியோகத்தர். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றும் மக்கள் "விதானையார்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பழைய பெயர் நிலைத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதிகாரம் எவ்வளவு குறைந்தாலும், ஒருவர் இந்த ஊர்க்காரர்தானா, இந்தக் காணியில் யார் இருக்கிறார், பக்கத்துக் காணி யாருடையது என்பதை முதலில் எழுதுவது இன்றும் அவர்தான். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். அவற்றுக்குள் 435 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். அதாவது 435 மேசைகள்.

அந்த மேசைக்கு மேலே பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரும், குடியேற்ற உத்தியோகத்தரும், காணிப் பிரிவுக்கு இணைக்கப்பட்ட அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் கோருபவர் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காணிக் கச்சேரிக்குப் போக வேண்டும். கச்சேரியில் யார் காணியற்றவர், யார் குடியிருப்பவர் என்று தீர்மானிக்க முன்னால் வைக்கப்படுவது கள அறிக்கை. அந்த அறிக்கையை எழுதுபவர் ஓர் ஆரம்பநிலை உத்தியோகத்தர். மேலே உள்ள அதிகாரி பெரும்பாலும் அதைப் பார்த்துக் கையொப்பம் இடுகிறார். "விண்ணப்பதாரி பிரிவில் வசிப்பதில்லை" என்ற ஒரு வரி அங்கே எழுதப்பட்டால், அதைப் பிறகு மாற்றுவதற்கு எத்தனை கடிதங்கள் வேண்டும் என்பது மீள்குடியேறிய குடும்பங்களுக்குத் தெரியும். வீட்டுத்திட்டத்திலும் பலருக்கு இதே வரிதான் முட்டுக்கட்டையாக நின்றது. வீடு இல்லாததால் வந்து வசிக்க முடியவில்லை. வசிக்காததால் வீடு கிடைக்கவில்லை.

அந்த வரியை எழுதியவர் எல்லாம் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். பலர் நேர்மையான மனிதர்கள். ஆனால் 1990 க்குப் பிறகு பிறந்து, அந்த ஊரில் முஸ்லிம்கள் வாழ்ந்ததைக் கண்ணால் காணாத ஒருவருக்கு, ஒரு பாழடைந்த சுவரைப் பார்த்து இது இன்னாருடைய வீடு என்று எப்படித் தெரியும்? அவருக்குச் சொல்ல எம்மில் யாரும் அந்த அலுவலகத்தில் இல்லை. அதுதான் விடயம்.

எங்கள் குடும்பக் காணியின் உறுதியும் 1990 இல் போனதுதான். சில வருடங்களுக்கு முன் அதைத் தேடத் தொடங்கியபோது, ஓர் அலுவலகத்தில் "உறுதி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னோர் அலுவலகத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் வழி சொன்னார். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரியாவிட்டாலும், காணியின் பெயரையும் எல்லைகளையும் வைத்துப் பதிவேட்டில் தேடலாம். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எங்கள் வாப்பாவின் பெயர் எல்லையாக எழுதப்பட்டிருக்கும் என்றார். அப்படித்தான் கிடைத்தது. அவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. எமக்கு உறவோ அறிமுகமோ இல்லை. தன் வேலையைத் தெரிந்து வைத்திருந்தார், மனிதரை மதித்தார். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் காணி மீண்டும் காகிதத்தில் உயிர்பெற அது போதுமாக இருந்தது.

மண்ணுக்குக் கீழே இருப்பது

காணிக்கு மேல் எமக்கு உறுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு இன்னொரு சட்டம் தெரியாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின்படி, நிலத்துக்குக் கீழே உள்ள கனியத்தின் உடைமை அரசுக்குரியது. காணி உங்களுடையது, அதற்குள் இருக்கும் கல்லும் மணலும் வணிகப் பொருளாகும்போது, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆராய, அகழ, ஏற்றிச் செல்ல, விற்க என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி.

யாழ் குடாநாட்டுக்கு இது வெறும் சட்டப் பாடம் அல்ல. எமக்கு ஆறு கிடையாது. குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழை நீர். அந்தக் கல்லை அளவுக்கு மீறித் தோண்டினால் தோண்டுவது கிணற்றைத்தான். 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் எடுத்த பெரும் குழிகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளோ கடலுக்கும் ஊருக்கும் இடையே நிற்கும் மதில். 2004 சுனாமியில் அந்தக் கரை பட்ட பாட்டைக் கண்டவர்களுக்கு மணலின் விலை தெரியும். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயம் என்று காக்கிறது. ஆனாலும் இரவில் டிப்பர்கள் ஓடுகின்றன என்ற முறைப்பாடு ஓய்ந்தபாடில்லை.

இங்கேயும் தொடக்கம் அதே மேசைதான். அகழ்வு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் காணியின் உரித்தை அல்லது சொந்தக்காரரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். இந்தக் காணி இவருடையதா, பக்கத்தில் குடியிருப்பு உண்டா, கிணறு உண்டா, பள்ளிவாசலோ கோவிலோ மையவாடியோ உண்டா என்று களத்தில் போய்ப் பார்த்து எழுதுபவர் யாரோ ஓர் இளம் உத்தியோகத்தர். ஆள் இல்லாத காணி என்று அவர் எழுதிவிட்டால், அது யாரோ ஒருவருக்கு வசதியான காணியாகிவிடும். வெளியேற்றப்பட்ட சமூகத்தின் காணிகள்தான் ஆள் இல்லாத காணி என்று எழுதப்படுவதற்கு மிக இலகுவானவை. வேலி விழுந்திருக்கும், பற்றை வளர்ந்திருக்கும், கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

மன்னாரைப் பாருங்கள். அங்கே இல்மனைட் கனிய மணல் இருக்கிறது என்று ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறது. 2025 ஓகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் மதபேதம் இன்றி வீதியில் இருந்தார்கள். போராட்டம் அவசியம்தான். ஆனால் ஆராய்ச்சிக்கான அனுமதிக் கோவை திறக்கப்பட்ட அன்றே, அதை வாசித்து விளங்கக்கூடிய நான்கு பேர் உள்ளூரில் இருந்திருந்தால், வீதிக்கு இறங்குவதற்கு வருடங்களுக்கு முன்பே கேள்வி கேட்டிருக்கலாம்.

எமது பிள்ளைகள் ஏன் அங்கே இல்லை?

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலத்தில் ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் எதிர்காலம் பற்றிக் கேட்பேன். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், வெளிநாடு, வியாபாரம். இந்த ஐந்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். நில அளவையாளர் ஆக வேண்டும் என்று சொன்ன ஒரு பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. புவிச்சரிதவியல் என்ற சொல்லையே பலர் கேட்டதில்லை. கிராம உத்தியோகத்தர் பரீட்சை பற்றிச் சொன்னால், பெற்றோர் "அது சின்ன வேலைதானே சேர்" என்கிறார்கள். சம்பளம் சிறியதுதான். ஆனால் அந்தச் சின்ன வேலையில் இருப்பவரின் முன்னால்தான் பெரிய வியாபாரியும் கையில் கடதாசியோடு நிற்கிறார்.

இன்னொரு தடையும் உண்டு. கிராம உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பிப்பவரிடம் அந்தந்தப் பிரதேச செயலகப் பிரிவில் நிரந்தர வதிவு கேட்கப்படுகிறது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இங்கே விண்ணப்பிக்க முடியாது. வதிவு இல்லாததால் பதவி இல்லை. பதவியில் எவரும் இல்லாததால் வதிவைச் சிக்கலின்றிப் பதிய வழியில்லை. இந்தச் சுற்றை உடைக்க வேண்டியவர்கள் இங்கே திரும்பி வந்து வாழும் குடும்பங்கள்தான். சோனகதெருவில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வதிவு இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பாதையை நாம் காட்டவில்லை.

"எம் ஆள்" வேண்டும் என்பதல்ல

இதை வாசிக்கும் சிலர், காணிப் பிரிவில் எம் ஆள் ஒருவர் இருந்தால் எமக்குக் காரியம் இலகுவாகும் என்று நினைக்கக்கூடும். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது. எம் ஆள் என்று ஒருவர் எமக்கு மட்டும் சாய்ந்து எழுதினால், நாம் 35 வருடமாக முறையிடும் அதே அநியாயத்தை இன்னொருவருக்குச் செய்கிறோம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக அபகரிப்பவரின் மறுமை நிலை பற்றிய நபிமொழியை ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் தனக்கு அன்பளிப்பு கிடைத்தது என்று ஒரு பகுதியை ஒதுக்கியபோது நபி (ஸல்) அவர்கள் அதை எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதும் தெரியும். அவரும் ஒரு கள உத்தியோகத்தர்தான். அமானிதம் என்ற சொல் மேலதிகாரிக்கு மட்டும் உரியதல்ல. கள அறிக்கை எழுதும் பேனைக்கும் உரியது.

காணியிழந்த துயரம் எமக்கு மட்டும் உரியதும் அல்ல. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை விட்டுவிட்டு முகாம்களில் கிழவர்களான தமிழ்ச் சகோதரர்கள் இருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் உறுதிகளோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் ஆவணங்களைத் திரட்டிய விதத்தில் நாம் கற்க நிறைய இருக்கிறது. உறுதியைத் தேடித் தந்த அந்த இளம் உத்தியோகத்தரைப் போல் எம் பிள்ளை ஒருவர் நாளை வலிகாமத்துக் குடும்பம் ஒன்றுக்கு வழி சொன்னால், இரு சமூகங்களுக்கிடையில் எந்த நல்லிணக்கக் கூட்டமும் செய்யாததை அது செய்யும்.

இனிச் செய்ய வேண்டியவை

முதலாவது, பாடசாலையில் தொடங்குவோம். கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் நில அளவை விஞ்ஞானமும், மொரட்டுவையின் புவி வளப் பொறியியலும், பேராதனையின் புவிச்சரிதவியலும் இருக்கின்றன என்று சொல்வோம். தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கலைப் பிரிவில் படித்தவருக்குக் கிராம உத்தியோகத்தர் பரீட்சையும், பட்டதாரிக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் சேவையும் உண்டு. வர்த்தமானி வெளிவரும் வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் இத்தகைய பதவி வெற்றிடங்களை ஒட்டுவதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு இளைஞர்கள் பொறுப்பெடுத்தால் போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு காணிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். எந்தக் குடும்பத்தின் காணி எங்கே, உறுதி உண்டா, பதிவகத்தில் தேடப்பட்டதா, வாரிசுகள் யார், பங்கு பிரிக்கப்பட்டதா? மௌத்தானவரின் பெயரிலேயே இரண்டு தலைமுறையாகக் கிடக்கும் காணிகள் எம்மிடம் ஏராளம். வாரிசுகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருக்க, எவரும் முன்வராத காணிதான் முதலில் கைவிட்டுப் போகிறது. பள்ளிவாசல் காணிகளும் மையவாடிகளும் 1956 ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் பதியப்பட்டிருக்கின்றனவா, அவற்றுக்கு நில அளவை வரைபடம் இருக்கிறதா என்பதை நிர்வாக சபைகள் இந்த வருடமே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துவோம். உங்கள் காணி தொடர்பாகப் பிரதேச செயலகத்தில் என்ன கோவை இருக்கிறது, பக்கத்தில் அகழ்வு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். இதற்குச் சிபாரிசு தேவையில்லை. ஒரு கடிதம் போதும்.

இந்த நாட்டின் நிலத்தில் எண்பது வீதத்துக்கும் அதிகமானது அரசுக்குரியது என்று சொல்லப்படுகிறது. யாழ் குடாநாடு இதற்கு விதிவிலக்கு; இங்கே பெரும்பாலானவை தனியார் உறுதிக் காணிகள். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலிருந்தே எழுத்தில் இருக்கும் உரிமை இது. எழுத்தில் இருக்கும் உரிமையை எழுத்தில்தான் காக்க வேண்டும். அடுத்த வர்த்தமானி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கிராம உத்தியோகத்தர் பரீட்சை வரும் என்பது நிச்சயம். அதற்கு எமது மஹல்லாக்களிலிருந்து எத்தனை விண்ணப்பங்கள் போகின்றன என்பதை இப்போதிருந்தே எண்ணத் தொடங்குவோம்.